புள்ளி நாலு நொடி

"மஞ்சள் வண்டியோட டிக்கியில ஸ்டெப்னி இருந்துச்சா, இல்லையா? ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க," என்றார் ஆசிரியர்.

"இருந்துச்சு சார்."

"சிவப்பு வண்டியில?"

நொடியார் ஆசிரியரின் மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்தார். அதில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அதுல இல்லை சார். கழட்டி வெச்சுட்டாங்க போல. நான் டிக்கியைத் திறந்து பார்க்கலை."

"இருபத்திரண்டு வருஷமா இதே வேலை பார்க்கறீங்க. டிக்கியைத் திறந்து பார்க்கலையா?"

நொடியார் என்பது அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். அந்தக் கார் பத்திரிகையில் 'நேருக்கு நேர்' என்ற பக்கம் அவருடையது. ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு வண்டிகளை டிராக்கில் ஒரு சுற்று ஓடவிட்டு, எது எத்தனை நொடியில் வந்தது என்று எழுதுவார். மனைவி சமையலறையிலிருந்து "ஒரு நிமிஷம் இருங்க" என்றால்கூட கை தானாக மணிக்கட்டுக்குப் போகும். "ஏழு நிமிஷம் ஆச்சு" என்று பிறகு சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இந்த மாதம் மோதியவை இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள். சிவப்பு, ஒரு நிமிடம் முப்பத்தொன்று புள்ளி நாலு. மஞ்சள், ஒரு நிமிடம் முப்பத்தொன்று புள்ளி எட்டு. வித்தியாசம் புள்ளி நாலு நொடி. அந்த நேரத்தில் ஒழுங்காக ஒரு தும்மல்கூடப் போட முடியாது. ஆனால் மஞ்சள் கம்பெனியின் விற்பனை மேலாளர் அதற்காக நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஸ்டெப்னி மட்டும் பதினெட்டுக் கிலோவாம்.

"சின்னதா ஒரு திருத்தம் போட்டா சரியாப் போயிடும் சார்," என்றார் நொடியார்.

திருத்தம் போட்டார். ஸ்டெப்னியைக் கழித்துப் பார்த்தால் மஞ்சள் வண்டி தன் நேரத்தைவிட ஏறக்குறைய புள்ளி மூன்று நொடி சீக்கிரம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மஞ்சள்காரர் போனில் நன்றி சொன்னார். மறுநாள் சிவப்புக் கம்பெனியின் மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஸ்டெப்னிக்குக் கணக்கு உண்டு. பன்னுக்கு உண்டா?"

"எந்த பன்னு சார்?"

"முதல்ல மஞ்சள் ஓடுச்சு. அப்புறம் உங்க டிரைவர் உட்கார்ந்து நாலு பன்னு சாப்பிட்டார். அப்புறம்தான் எங்க வண்டியில ஏறினார். அந்த நாலு பன்னையும் சுமந்தது எங்க வண்டி."

டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லாச் சோதனை ஓட்டங்களையும் ஓட்டுகிற அந்த டிரைவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் நிலையத்தை மூடுகிறவரை நிறுத்த மாட்டார்.

"நாலு இல்லை சார், அஞ்சு," என்றார் ரேடியோ. "அஞ்சாவதுல வெண்ணெய் தடவியிருந்தாங்க. நல்ல பன்னு சார் அது. அந்தக் கடையில முன்னெல்லாம் என்னன்னா..."

அடுத்த இதழில் பன்னுக்கும் திருத்தம் வந்தது. உடனே மஞ்சள்காரர் டயரைப் பிடித்துக்கொண்டார். சிவப்பில் போட்டிருந்தது புது டயர், தங்களுடையது ஓடித் தேய்ந்தது. சிவப்புக்காரர் பெட்ரோலுக்குத் தாவினார். அவர்கள் டாங்க் முக்கால், எதிராளியுடையது அரை. இவர் காற்று என்றார், அவர் வெயில் என்றார். மூன்றாவது இதழில் திருத்தம் கட்டுரையைவிட நீளமாகிவிட்டது. ஒரு வாசகர் மட்டும், 'இதையெல்லாம் விடுங்கள், மாமியாரைப் பின்சீட்டில் உட்காரவைக்க எது வசதி?' என்று கேட்டிருந்தார். இரண்டிலும் பின்சீட்டே கிடையாது.

ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தடவை ஓட்டுங்க. 'இது நியாயமான போட்டி'ன்னு ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடணும். இல்லைன்னா 'நேருக்கு நேர்' பக்கத்தை எடுத்துட்டுக் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுடுவேன்."

"குறுக்கெழுத்தா சார்?"

"அதுலயும் சண்டை வராதுன்னு இல்லை. ஆனா விடையைக் கடைசிப் பக்கத்துல போட்டுட்டா வாயை மூடிக்குவாங்க. உங்க பக்கத்துக்குக் கடைசிப் பக்கமே இல்லையே."

இருபத்திரண்டு வருடத்தில் நொடியாரின் எழுத்தில் பிழை என்று சொன்னவர்கள் உண்டு, அவர் தலைமுடியைப் பற்றிச் சொன்னவர்களும் உண்டு. அவர் நொடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவும் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன என்று யோசித்துப் பார்த்தார். ஒரு ஸ்டாப்வாட்ச்தான் மிஞ்சியது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல இவ்வளவு இடிஞ்சு போக என்ன இருக்கு? இந்த வண்டியை வாங்கறவங்க எங்க ஓட்டப் போறாங்க?"

"அது வந்து, டிராக்குன்னா ஒரு பொதுவான..."

"பள்ளிக்கூட வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவாங்க. நாலு பேர் பார்ப்பாங்க. அதுக்குப் புள்ளி நாலு என்ன, புள்ளி நாப்பது என்ன?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"இருக்கு. போன மாசம் பசங்க ரெண்டு பேருக்கும் கேக் வெட்டினீங்களே, அந்த நியாயம்தானே?"

நொடியாருக்கு அது ஞாபகம் வந்தது. போன மாதம் கடைசித் துண்டுக் கேக்கை இரண்டு பையன்களுக்கும் சரிபாதியாகப் பிரிக்க ஸ்கேல் வைத்து அளந்தார். ஒரு பக்கம் க்ரீம் அதிகம் என்று சின்னவன் சொன்னான். சுரண்டினார். மறுபக்கம் செர்ரி இருந்தது என்று பெரியவன் சொன்னான். அதை நாலாக வெட்டினார். கடைசியில் இரண்டு பேரும் ஸ்பூனால் தூளை அள்ளித் தின்றார்கள்.

"இந்தத் தடவை அப்படி ஆகாது," என்றார். "ரெண்டு வண்டிக்கும் எல்லாத்தையும் ஒண்ணாக்கிடப் போறேன். டயர், பெட்ரோல், வெயில், டிரைவர், எல்லாம் ஒரே மாதிரி."

மனைவி ஒரு போர்வையை உதறினாள். "எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா அப்புறம் எதை எதோட ஒப்பிடுவீங்க?"

அவர் காதில் அது விழுந்தது. ஆனால் அப்போது அவர் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

நிபந்தனை பேசக் கூட்டம் கூட்டினார். பேச்சுவார்த்தை ஐந்து மணி நேரம் நடந்தது. ஒரே டயர், ஒரே பெட்ரோல், இரண்டிலும் ஸ்டெப்னி இல்லை, நடுவில் பன் இல்லை என்பதெல்லாம் அரை மணியில் முடிந்துவிட்டது. மீதி நாலரை மணி நேரமும் சந்தேகம்தான்.

"டிரைவருக்கு எங்க மஞ்சள் பிடிக்காம இருக்கலாம்," என்றார் மஞ்சள்காரர். "கலர் தெரியக் கூடாது."

"சரி. ரெண்டு வண்டிக்கும் சாம்பல் நிற ஸ்டிக்கர் ஒட்டிடறேன்," என்றார் நொடியார்.

"உள்ள உட்கார்ந்தா டாஷ்போர்டு காட்டிக் கொடுத்துடுமே?" என்றார் சிவப்புக்காரர்.

"அட்டை வெச்சு மறைச்சிடறேன். ரேடியோ கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சிட்டு, அப்புறம் அவிழ்த்து விடறேன்."

"கூட்டிட்டுப் போற நீங்க பார்ப்பீங்களே?"

கேட்டது நொடியாருக்கு நியாயமாகத்தான் பட்டது. "நானும் கண்ணைக் கட்டிக்கறேன்."

"எப்படி நடப்பீங்க?"

"கொடிக்கயிறு கட்டிடலாம்."

இப்படியாக நாற்பத்தொரு நிபந்தனைகள் சேர்ந்தன. வண்டிச் சத்தம் கேட்கக் கூடாது என்பதால் எல்லோர் காதிலும் பஞ்சு. நேரம் பார்க்கும் அறையின் ஜன்னல்களுக்குப் பழைய இதழ்களை ஒட்டி மறைப்பது. நேரத்தை எல்லைக்கோட்டில் பொருத்திய கருவியே அளந்து அறைக்குள் திரையில் காட்டும். இரண்டு வண்டிகளையும் நிறுத்துகிற மெக்கானிக், எந்தக் கொட்டகையில் எது என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும், ஓட்டம் நடக்கும்போது சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். முதல் ஓட்டம் ஒன்றாம் கொட்டகை வண்டி, இரண்டாம் ஓட்டம் இரண்டாம் கொட்டகை வண்டி. இதை அட்டவணையாகப் போட்டு மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் போட்டி செல்லாது.

நாற்பத்தொன்றாவது நிபந்தனை ரேடியோவுக்கு. முடிவில் கையெழுத்து ஆகிறவரை அவர் வண்டியைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லாம் ரத்து.

"உன்னால முடியுமாய்யா?" என்று கேட்டார் நொடியார், கவலையோடு.

ரேடியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னை என்னன்னு நினைச்சீங்க சார்? இப்ப மூடறேன் பாருங்க," என்று சொல்லி மூடிக்கொண்டார். போட்டிக்கு அப்போது இன்னும் இரண்டு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டிராக்கில் நல்ல வெயில். தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள், நடுவே நேரம் பார்க்கும் அறை, அறை வாசலிலிருந்து இரண்டு பக்கமும் ஓடுகிற கொடிக்கயிறு. ஆசிரியரும் வந்திருந்தார். குறுக்கெழுத்துக்காரரின் போன் நம்பர் தன் சட்டைப்பையில் இருப்பதாக அவர் இரண்டு தடவை சொன்னார். பஞ்சை மீறி நொடியாருக்கு இரண்டு தடவையும் கேட்டது.

ரேடியோவை எடைமேடையில் ஏற்றினார்கள். கழுத்தில் ஒரு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். மெக்கானிக் கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நொடியார் ரேடியோவின் கண்ணைக் கட்டினார், தன் கண்ணையும் கட்டிக்கொண்டார். ஒரு கையில் கயிறு, தோளில் ரேடியோவின் கை. ஆக, பார்க்கிறவன் பேசக் கூடாது, பேசுகிறவன் பார்க்கக் கூடாது. இதைவிட நியாயமான ஏற்பாட்டை உலகத்தில் எவனும் செய்திருக்க மாட்டான் என்று நினைத்தபடி நொடியார் நடந்தார். ஒரு குழாயில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

முதல் ஓட்டம் முடிந்தது. ஒரு நிமிடம் முப்பத்தொன்று புள்ளி எட்டு. வண்டியை ஒன்றாம் கொட்டகையிலேயே நிறுத்தி, ரேடியோ அறைக்கு வந்து சேர்ந்தார். வழிந்த வேர்வையைச் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார். கழுத்தைத் தடவிப் பார்த்து, வெளியே கை காட்டி, ஏதோ ஜாடை செய்தார்.

"தண்ணியா? முதல் ஓட்டத்துக்கு முன்னால குடிக்கலை, இப்பவும் கிடையாது," என்றார் நொடியார். ரேடியோ பெருமூச்சு விட்டார்.

ஒரு மணி நேர இடைவேளை. அப்போதுதான் மஞ்சள்காரர் வாசலில் நின்று கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கூரைகளைப் பார்த்தார்.

"ஒன்றாம் கொட்டகையில மர நிழல் விழுது. இரண்டாம் கொட்டகைக் கூரையில நேரா வெயில் அடிக்குது. அங்க இருக்கற வண்டி காலையிலேர்ந்து வெந்துட்டு இருக்கு."

"அது எந்த வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் சிவப்புக்காரர், சந்தேகமாக.

"தெரியாது. அதான் பயமா இருக்கு."

சிவப்புக்காரருக்கும் அது பயமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்கள். ஆசிரியரின் கை சட்டைப்பைக்குப் போனது.

நொடியாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டிலேயே யோசனையும் வந்தது. "அவ்வளவுதானே? ரெண்டு வண்டியையும் இடம் மாத்தி நிறுத்திடலாம். வெயில்ல இருந்தது நிழலுக்கு வரட்டும், நிழல்ல இருந்தது கொஞ்சம் வேகட்டும். ரெண்டுக்கும் ஒரே அளவு வெயில் ஆயிடும்."

இரண்டு மேலாளர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். எல்லோரும் அறைக்குள் போய்ப் பஞ்சை இன்னும் அழுத்தி வைத்துக்கொள்ள, மெக்கானிக் வண்டிகளை மாற்றி நிறுத்திவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆசிரியர் நொடியாரின் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டு நொடியாரின் கண்ணில் நீரையே வரவழைத்துவிட்டது.

மணி ஆனது. நொடியார் அட்டவணையை உரக்கப் படித்தார். "இரண்டாம் ஓட்டம். இரண்டாம் கொட்டகை வண்டி. சரிதானே?"

"அட்டவணைப்படி சரி," என்றார்கள் இரண்டு பேரும்.

மறுபடி கட்டு, மறுபடி கயிறு, இந்தத் தடவை அந்தப் பக்கம். ரேடியோவை வண்டிக்குள் உட்காரவைத்து, கட்டை அவிழ்த்துவிட்டார். உடனே அவர் தோளில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சட்டையைப் பிடித்து இழுத்தார் ரேடியோ.

"ரேடியோ, வேண்டாம். என் வேலையே உன் வாயிலதான் இருக்கு. நாப்பத்தொண்ணாவது நிபந்தனை, ஞாபகம் இருக்கட்டும்."

இழுப்பது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளங்கையில் ஈரமாக ஒரு துணியை வைத்து, விரல்களை மடக்கி அழுத்தினார் ரேடியோ. நொடியார் தடவிப் பார்த்தார். கைக்குட்டை.

"எனக்கு வேர்க்குதுன்னு பார்த்துட்டியா? உன்னைப் போல மனசு யாருக்கு வரும்," என்று நெகிழ்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ரேடியோ தலையை ஸ்டீயரிங்கில் இரண்டு தடவை முட்டிக்கொண்டார். அதை யாரும் பார்க்கவில்லை, பார்க்க அனுமதியும் இல்லை.

திரையில் எண் ஓடி நின்றது. ஒரு நிமிடம் முப்பத்தொன்று புள்ளி நாலு.

ஆசிரியர் கவரைக் கிழித்தார். "ஒன்றாம் கொட்டகை, மஞ்சள் வண்டி. இரண்டாம் கொட்டகை, சிவப்பு வண்டி." கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தார். "சிவப்புக்குப் புள்ளி நாலு நொடி முன்னிலை. நீங்க முதல்ல போட்ட அதே புள்ளி நாலு."

நொடியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டெப்னியும் இல்லை, பன்னும் இல்லை, அப்படியும் அதே புள்ளி நாலு. தன் இருபத்திரண்டு வருடமும் பொய்யில்லை என்ற சந்தோஷத்தில் அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காதுப் பஞ்சை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"இரண்டாவது ஓட்டத்துல அறைக்குள்ள இருந்தே எனக்குத் தெரிஞ்சுது," என்றார் சிவப்புக்காரர், நெஞ்சை நிமிர்த்தி. "காதுல பஞ்சு இருந்தா என்ன? அந்தப் பிடிமானம் எங்க வண்டிக்கு மட்டும்தான் உண்டு. தரையில அதிர்வே வேற மாதிரி இருந்துச்சு."

மஞ்சள்காரர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கனிந்த மனிதராகப் பேசினார். "ஒத்துக்கறேன். வளைவுல எங்க வண்டி கொஞ்சம் மந்தம்தான். எங்க இன்ஜினியர்கிட்ட நானே சொல்லியிருக்கேன். தோத்தாலும் இந்த மாதிரி நியாயமான போட்டியில தோக்கறதுல வருத்தம் இல்லை."

மூலையில் நின்றிருந்த ரேடியோ ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு அதையே இன்னும் உயர்த்தி ஆட்டினார்.

"பாருங்க, டிரைவரே நம்பர் ஒண்ணுன்னு காட்டறார்," என்றார் சிவப்புக்காரர்.

தாள் வந்தது. 'இது நியாயமான போட்டி' என்ற வரிக்குக் கீழே சிவப்புக்காரர் கையெழுத்துப் போட்டார். மஞ்சள்காரர் போட்டார். ஆசிரியர் தேதி எழுதினார், பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இந்த மாசம் அட்டைப்படமே இதுதான்," என்றார். "ஒப்பிடறதுன்னா எப்படின்னு நம்ம ஆள் பாடம் எடுத்திருக்கார்."

நொடியார் போனை எடுத்து மனைவிக்கு அடித்தார். "ஏம்மா, எதை எதோட ஒப்பிடுவீங்கன்னு கேட்டியே? ஒப்பிட்டாச்சு. எல்லாத்தையும் ஒண்ணாக்கியும் புள்ளி நாலு வந்துடுச்சு. கையெழுத்தும் ஆச்சு. வரும்போது கேக் வாங்கிட்டு வரேன். நீயே வெட்டு."

போனை வைத்தபோதுதான் ரேடியோவின் ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன். முகம் சிவந்து, கன்னம் உப்பி, நீலக் கட்டக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். நொடியாருக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. தோளில் கை போட்டு எல்லோருக்கும் நடுவில் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நாப்பத்தொண்ணாவது நிபந்தனை முடிஞ்சுதுய்யா. இப்ப வாயைத் திறக்கலாம். பந்தயம், நொடி எல்லாம் கிடக்கட்டும். ஓட்டினவன் நீ. ரெண்டு வண்டியில உனக்கு எது பிடிச்சுது, சொல்லு."

எல்லோரும் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு ரேடியோவின் வாயையே பார்த்தார்கள். ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த இன்னொரு வண்டியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்."